குழந்தைகளின் செயலாட்சித் திறன்களை நரம்பு உளவியல் சோதனைகளால் மதிப்பிடுதல்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மார்க் எவ்வளவு?" என்பதுதான். அப்படிக் கேட்பதில் குற்றமில்லை. பள்ளிக்கூடம் நம் எல்லோரையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆனால் இந்தச் சோதனைகளைப் பொறுத்தவரை, எண் எவ்வளவு என்பதைக் காட்டிலும் அந்த எண் எப்படி வந்தது என்பதே பிள்ளைக்கு உதவக்கூடியது. குழந்தைகளுக்கான மதிப்பீட்டில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பவள் என்ற முறையில், அந்த எண்ணத்தை மையமாக வைத்தே கீழுள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

செயலாட்சித் திறன்கள் என்பவை யாவை?

மருத்துவமனைகளில் 'எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்ஸ்' என்று சொல்லப்படுபவற்றையே இங்கே செயலாட்சித் திறன்கள் என்கிறேன். ஒரு குறிக்கோளை மனத்தில் நிறுத்தி, அதற்கு வேண்டியதைச் செய்து, வேண்டாததைத் தவிர்த்து, வழி அடைபட்டால் வேறு வழிக்கு மாறிக்கொள்ள உதவும் திறன்களின் தொகுப்பு இது.

"பையை உள்ளே வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, டைரியை எடுத்து வா" என்று அம்மா சொல்கிறார். மூன்று வேலைகளையும் வரிசை மாறாமல் நினைவில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். இது செயல் நினைவு. நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் முன் நின்றுவிடாமல் தன்னை இழுத்துக்கொள்ள வேண்டும். இது தடுத்துக்கொள்ளும் திறன். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் வாளித் தண்ணீரை மொண்டு கழுவலாம் என்று யோசனையை மாற்ற வேண்டும், இது மனநெகிழ்வு. உளவியலாளர் அகிரா மியாகேவும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றோடொன்று தொடர்புடைய, ஆனால் பிரித்தறியக்கூடிய மூன்று கூறுகளாக ஏறக்குறைய இவற்றையே கண்டது. திட்டமிடல், சிக்கல் தீர்த்தல் போன்றவை இம்மூன்றின் மேல் எழுபவை என்று அடெல் டயமண்ட் 2013-இல் எழுதினார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மியாகேயின் ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. பள்ளிக்குச் செல்லும் முன்பான வயதில் இக்கூறுகள் இவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை. நான்கு வயதுக் குழந்தையிடம் இவை ஏறத்தாழ ஒரே திறனாகவே வெளிப்படுகின்றன. ஆகவே நான்கு வயதுப் பிள்ளையின் அறிக்கையில் மூன்று தனித்தனிக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டிருந்தால், அதைத் தயக்கத்தோடு படிப்பது நல்லது.

இது புத்திசாலித்தனத்திலிருந்து வேறுபட்டதா?

தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஐ.க்யூ. 120 உள்ள சிறுமி கணக்கை மனத்திலேயே போட்டுவிட்டு விடையை எழுத மறந்து வரலாம். செயல் நினைவு பல நுண்ணறிவுச் சோதனைகளுக்குள்ளேயே ஒரு பகுதியாக இருப்பதால் இரு மதிப்பெண்களும் ஓரளவு சேர்ந்தே நகரும். எனினும் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

எந்தப் பிள்ளைக்கு இந்த மதிப்பீடு தேவைப்படும்?

கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், கற்றல் குறைபாடு, வலிப்பு நோய், தலைக்காயம், குறைமாதப் பிறப்பு, மூளைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற வரலாறு ஆகிய நிலைகளில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இவற்றுள் தலைக்காயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு வயதில் மாடிப்படியில் விழுந்து, மருத்துவமனையில் சில நாள் இருந்து, நன்றாக நடந்து பேசி வீடு திரும்பிய குழந்தையைப் பார்த்து "தப்பித்தது" என்று எல்லோரும் நிம்மதி அடைகிறோம். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். அந்த வயதுக் குழந்தையிடம் யாரும் திட்டமிடலை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே குறை இருந்தாலும் அது தெரிவதில்லை. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பாடத்துக்கு ஒரு நோட்டு, வாரக் கடைசியில் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டம் என்று சுமை ஏறும்போதுதான் அது வெளியே வரும். அதற்குள் பழைய காயத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். பிள்ளைக்குச் சோம்பேறி என்ற பெயர் நிலைத்திருக்கும். அதனால்தான் சிறு வயதில் மூளைக் காயம் பட்ட பிள்ளைகளை ஒருமுறை பார்த்து விட்டுவிடாமல், பள்ளிப் பருவத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபடி பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

என்னென்ன சோதனைகள் பயன்படுத்தப்படுகின்றன?

மிகச் சிறிய பிள்ளைகளுக்குச் செய்யப்படும் அட்டை மாற்றுச் சோதனையிலிருந்து தொடங்கலாம். ஃபிலிப் ஸெலாஸோவும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது இது. மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் நீல முயல், மற்றொன்றில் சிவப்புப் படகு ஒட்டப்பட்டிருக்கும். குழந்தையின் கையில் சிவப்பு முயல்களும் நீலப் படகுகளும். முதலில் நிறம் பார்த்துப் போடச் சொல்கிறோம். மூன்று வயதுக் குழந்தை பிசகாமல் போடுகிறது. பிறகு, "இப்போது நிறம் வேண்டாம், உருவம் பார்த்துப் போடு" என்கிறோம். "முயல் எங்கே போகணும்?" என்று கேட்டால் சரியான தட்டை விரலால் காட்டுகிறது. அடுத்த நொடியே கையிலுள்ள சிவப்பு முயலைப் பழையபடி சிவப்புப் படகின் தட்டில் போடுகிறது. விதி தெரியாமலில்லை, தெரிந்த விதி கைக்கு வந்து சேரவில்லை. நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் இதைக் கடந்துவிடுகின்றனர்.

இதன் பெரிய வடிவம்போல அமைந்தது 1948-இல் கிராண்டும் பெர்க்கும் வெளியிட்ட விஸ்கான்சின் அட்டைச் சோதனை. ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரங்கள், மூன்று மஞ்சள் சிலுவைகள், நான்கு நீல வட்டங்கள் என நான்கு முதன்மை அட்டைகள் முன்னால் இருக்கும். கையிலுள்ள அட்டை எதனோடு சேரும் என்று சொல்லித் தரமாட்டோம்; சரி, தவறு என்பது மட்டும் சொல்லப்படும். தொடர்ந்து பத்து முறை சரியாகப் போட்டதும் முன்னறிவிப்பின்றி விதி மாறும். பழைய விதியையே பிடித்துக்கொண்டு எத்தனை முறை தவறு செய்தார் என்பது இதில் முக்கியமான அளவு. இதற்கான வயது நியமங்கள், அதாவது அந்தந்த வயதினர் பொதுவாக எடுக்கும் மதிப்பெண்களின் ஒப்பீட்டு அளவுகள், ஆறரை வயதிலிருந்து உள்ளன.

தடுத்துக்கொள்ளும் திறனுக்குப் பெயர்போனது 1935-இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை: 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சிடப்பட்டிருக்கும், சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தறியாத குழந்தைகளுக்கு இதற்குப் பதிலாகச் சூரியப் படத்தைக் கண்டால் "ராத்திரி" என்றும், நிலாப் படத்தைக் கண்டால் "பகல்" என்றும் சொல்லச் சொல்கிறோம். திட்டமிடலுக்கு, டிம் ஷாலிஸ் 1982-இல் அறிமுகப்படுத்திய லண்டன் கோபுரச் சோதனையும், போர்ட்டியஸ் 1914-இல் வகுத்த புதிர்ப்பாதைகளும் உண்டு. செயல் நினைவுக்கு, சொன்ன எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லுதலும், கோர்சியின் ஒன்பது கட்டைகளைத் தொட்டுக்காட்டிய வரிசையில் தொடுதலும் வழக்கம். இவற்றில் சிலவற்றைத் தொகுத்து நெப்சி, டி-கெஃப்ஸ் போன்ற தொகுப்புகள் வந்துள்ளன. முன்னதன் இரண்டாம் பதிப்பு 3 முதல் 16 வயது வரையிலானது, பின்னது 8 வயதிலிருந்து தொடங்குவது.

மதிப்பெண்ணைத் தவிர உளவியலாளர் வேறு எதைப் பார்க்கிறார்?

கோபுரச் சோதனையை எடுத்துக்கொள்வோம். மூன்று முளைகள், மூன்று வண்ண உருண்டைகள். படத்தில் உள்ளபடி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நகர்த்தல்களுக்குள் அடுக்க வேண்டும். இரண்டு சிறுவர்கள் ஒரே கணக்கில் தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சிறுவன் நான் படத்தை முழுவதுமாக வைப்பதற்குள்ளேயே சிவப்பு உருண்டையைத் தூக்கிவிட்டான். இரண்டாவது நகர்த்தலில் வழி அடைபட்டது. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கலைத்தான். இரண்டாமவன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான், உதடு அசைந்தது, ஓர் உருண்டையைத் தொட்டான், விட்டான், மறுபடி தொட்டான், நேரம் முடிந்துவிட்டது. அறிக்கையில் இருவருக்கும் அதே பூஜ்யம். முதலாமவனுக்கு வேண்டியது நிறுத்திப் பார்க்கும் பழக்கம். இரண்டாமவனோ மூன்று நகர்த்தல்களை மனத்தில் ஒன்றாக ஏந்தத் திணறியிருக்கலாம். அல்லது தவறு செய்யப் பயந்திருக்கலாம். இருவருக்கும் ஒரே பரிந்துரையை எழுதினால் ஒருவனுக்காவது அநியாயம் செய்தவர்களாவோம்.

இதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. செயலாட்சித் திறனை மட்டும் தனியே அளக்கும் சோதனை எதுவும் இல்லை. ஸ்ட்ரூப் சோதனையில் வாசிப்பு கலந்திருக்கிறது; கோபுரத்தில் பார்வை-இடஉணர்வு கலந்திருக்கிறது; எண்களை மாற்றிச் சொல்வதில் கேட்கும் திறனும் மொழியும் கலந்திருக்கின்றன. ஆகவே ஒரு குறைந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் எது நிற்கிறது என்பதை, வேறு சோதனைகளோடு ஒப்பிட்டும் பிள்ளை செய்த விதத்தைப் பார்த்தும்தான் பிரித்தறிய முடியும். அறிக்கையில் வெறும் எண்களின் அட்டவணை மட்டும் இருந்து, பிள்ளை எப்படி நடந்துகொண்டார் என்ற பத்தியே இல்லையென்றால், அதைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

சோதனையில் நன்றாகச் செய்திருக்கிறான். வீட்டிலோ எல்லாம் தலைகீழ். எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். இரண்டும் வெவ்வேறு விஷயங்களைக் காட்டுகின்றன.

சோதனை அறையை எண்ணிப் பாருங்கள். அமைதி, எதிரில் ஒரே ஒரு பெரியவர், மேசையில் ஒரு வேலை மட்டும். எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், அடுத்து என்ன என்பதை நாங்களே சொல்லிவிடுகிறோம். அதாவது, பிள்ளையின் முன்மூளை செய்ய வேண்டிய வேலையில் பாதியை எதிரில் அமர்ந்திருப்பவர் கடனாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பிலோ, தங்கையும் டிவியும் பிரஷர் குக்கரும் சேர்ந்து ஒலிக்கும் வீட்டிலோ அந்தக் கடன் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் வினாப்படிவங்கள் வந்தன. அவற்றுள் 2000-இல் வெளியான பிரீஃப் பெரிதும் வழங்குவது. 2015-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமான படிவங்கள் 63 வினாக்கள் கொண்டவை. டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் ஆகியோர் 2013-இல் இருபது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சோதனை மதிப்பெண்ணுக்கும் இத்தகைய படிவங்களுக்கும் இடையிலான ஒட்டுறவின் இடைநிலை மதிப்பு 0.19 மட்டுமே (தொடர்பே இல்லையென்றால் 0, முழுதும் ஒத்துப்போனால் 1). சோதனை, தூண்டிக் கேட்கும்போது பிள்ளையால் எவ்வளவு முடியும் என்பதைக் காட்டுகிறது. படிவம், அன்றாடத்தில் பிள்ளை உண்மையில் என்ன செய்கிறார் என்பதைச் சொல்கிறது. ஒன்று மட்டும் உள்ள மதிப்பீட்டை அரைகுறை மதிப்பீடாகவே நான் கருதுகிறேன்.

தமிழில் இந்தச் சோதனைகளைச் செய்யலாமா? ஆங்கில நியமங்களோடு ஒப்பிடுவது சரியா?

செய்யலாம். ஆனால் தாளை மொழிபெயர்த்தால் சோதனை மொழிபெயர்ந்துவிடாது. கவலைக்குரிய இடங்கள் சிலவற்றை விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனை. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான பெயர்களில் ஏழைத் தவிர மற்றவை ஓரசைச் சொற்கள். தமிழில் ஓரசையில் முடியும் எண்ணே இல்லை. நீண்ட பெயர்கள் நினைவில் கூடுதல் இடம் கேட்கும். வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழி எண்களைச் சொல்ல ஆகும் நேரம் அதிகம் என்பதாலேயே அங்குள்ள பிள்ளைகளின் எண் நினைவு குறைவாகத் தோன்றியது என்று எல்லிஸும் ஹென்னெலியும் 1980-இல் காட்டினர். தமிழில் எண்களைக் கேட்டுவிட்டு அமெரிக்க நியமத்தோடு ஒப்பிடுபவர், மொழியின் நீளத்தைப் பிள்ளையின் குறையாக எழுதிவிடும் அபாயம் இருக்கிறது.

அடுத்தது சொற்சரளம். ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றைக் கொடுத்தால் அதன்பின் எந்த உயிரொலி வந்தாலும் சொல் செல்லும். தமிழில் 'க' என்று சொன்னால், க, கா, கி, கீ எனத் தனித்தனி எழுத்துகளாகப் படித்த பிள்ளை கடல், கண், கல் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். காக்காவும் கிளியும் சேருமா என்ற கேள்வியே அதன் மனத்தில் எழாது. சேரும் என்று முன்கூட்டியே சொன்னோமா, சொல்லவில்லையா என்பதைப் பொறுத்து மதிப்பெண் வெகுவாக மாறும்.

ஸ்ட்ரூப் சோதனை இன்னும் நுட்பமாக ஏமாற்றக்கூடியது. படிப்பது தானாக நிகழும் அளவுக்குப் பழகியவருக்குத்தான் சொல் குறுக்கே வந்து நிற்கும். ஆங்கில வழியில் பயின்று, தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிக்கும் பிள்ளையிடம் தமிழ்ச் சொற்களைக் கொடுத்தால், குறுக்கீடு குறைந்து, தடுத்துக்கொள்ளும் திறன் பிரமாதமாக இருப்பதுபோலத் தோன்றும். எந்த மொழியை வேகமாக வாசிக்கிறாரோ அந்த மொழியிலேயே கொடுக்க வேண்டும். எண்ணையும் ஆங்கில எழுத்தையும் மாறி மாறிக் கோடிட்டு இணைக்கும் சோதனைக்கோ, எழுத்தே இல்லாமல் இளஞ்சிவப்பு, மஞ்சள் வட்டங்களில் எண்களை மட்டும் கொண்ட வடிவம் இருக்கிறது; நான் அதையே விரும்புகிறேன்.

அறிவுறுத்தலின் மொழியும் முக்கியம். "அட்டைகளை வகைப்படுத்துக" என்றால் பாதிப் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள், "இந்த அட்டை எதோட சேரும்?" என்றால் கை உடனே நீளும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் "சீக்கிரம்" என்பதைவிடக் "கெதியா" என்பதுதான் உடலில் தைக்கும். வேகம் அளக்கப்படும் சோதனையில் இது சிறிய வேறுபாடு அல்ல.

இந்தியக் குழந்தைகளுக்கென்று பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு 2004-இல் வெளிவந்தது. 5 முதல் 15 வயது வரையிலானது. அத்தகைய நியமங்கள் பொருந்துமிடத்தில் அவற்றையே முதலில் எடுக்க வேண்டும். வேற்று நாட்டு நியமத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் அறிக்கையில் அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

அறிக்கையில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

எண்கள் பல அளவுகோல்களில் வரும். திட்ட மதிப்பெண்ணில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவு) 15. டி மதிப்பெண்ணில் 50, 10. அளவிட்ட மதிப்பெண்ணில் 10, 3. இதன்படி 85, 40, 7 மூன்றும் ஒரே இடத்தையே குறிக்கின்றன: சராசரிக்கு ஒரு விலக்கம் கீழே, ஏறத்தாழ 16-ஆம் நூற்றுமானம். நூற்றுமானம் என்பது நூற்றுக்கு எடுத்த மார்க் அல்ல. அதே வயதுடைய நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளைக்குக் கீழே எத்தனை பேர் என்பதுதான். பிரீஃப் படிவத்தில் மட்டும் திசை தலைகீழ்: அங்கே எண் ஏற ஏறச் சிக்கல் கூடுதல் என்று பொருள்.

பத்துப் பதினைந்து மதிப்பெண்கள் உள்ள அறிக்கையில் ஒன்றிரண்டு தாழ்வாக இருப்பது நலமான பிள்ளைகளிடமும் சகஜம். ஒரே திறனைத் தொடும் பல சோதனைகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா, வகுப்பில் தெரியும் சிரமத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனைகளை மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. என்று சொல்லிவிடலாமா?

கூடாது. வில்கட்டும் அவருடைய குழுவினரும் 83 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் ஒரு குழுவாகப் பார்க்கும்போது இச்சோதனைகளில் பின்தங்குகிறார்கள். ஆனால் அந்த வேறுபாடு நடுத்தர அளவினதே. ஏ.டி.எச்.டி. உள்ள பல பிள்ளைகள் எல்லாச் சோதனைகளிலும் இயல்பாகவே செய்கின்றனர். நோயறிதல் என்பது வளர்ச்சி வரலாறு, வீட்டிலும் பள்ளியிலும் காணும் நடத்தை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றால் செய்யப்படுவது. சோதனை அந்தப் பிள்ளையின் பலமும் பலவீனமும் எங்கே என்பதை வரைந்து காட்டும். "சோதனையில் நார்மல், ஆகவே பிரச்சினை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறேன்.

சோதனை நாளன்று என்ன செய்ய வேண்டும்?

நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு வரட்டும். கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள். மருந்து உட்கொள்ளும் பிள்ளையாயின், அன்று கொடுப்பதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சலோ முந்தின இரவு வலிப்போ வந்திருந்தால் தயங்காமல் தேதியை மாற்றுங்கள். தயவுசெய்து இணையத்தில் தேடிப் பயிற்சி கொடுக்க வேண்டாம். மதிப்பிடுபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எவ்வளவு காலம் கழித்து மறுபடி சோதிக்கலாம்?

பொதுவாக ஓராண்டாவது இடைவெளி விடுவது நல்லது. மூளை அறுவைச் சிகிச்சை, புதிய மருந்து போன்ற காரணம் இருந்தால் முன்னதாகவும் செய்யலாம். இச்சோதனைகளில் பலவற்றின் உயிர் புதுமையில் இருக்கிறது. விஸ்கான்சின் அட்டைகளில் விதி சொல்லாமல் மாறும் என்பதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்த முறை அது ஏறக்குறைய வேறு சோதனைதான். மதிப்பெண் உயர்ந்தாலும் திறன் உயர்ந்தது என்று உடனே சொல்ல முடியாது. ஆகவே முதல் அறிக்கையை, எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, எந்த மொழி, எந்த நியமம் என்ற விவரங்களோடு பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாம் முறை வரும்போது அதையும், ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்பையும், பிள்ளையின் பள்ளி நோட்டுகளில் இரண்டையும் எடுத்து வாருங்கள். பாதியில் நின்ற கணக்கும், தேதி எழுதாத பக்கமும், நடுவில் திடீரென்று திருந்திய கையெழுத்தும் எங்களுக்கு நிறையச் சொல்லும்.